பூட்டுக் கள்ளன் செத்ததற்குத் துடக்கு உண்டா?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் என் அனுபவம் என்னவென்று யாரிடமும் விசாரித்ததாகத் தெரியவில்லை. பத்திரிகை வேலையில் நான் பதினொரு பேரைத் தூக்கிலிட்டிருக்கிறேன். இரண்டு பேரைச் சவுக்கால் அடிப்பித்து நாடு கடத்தினேன். ஒருவரை யானையின் காலில் போட்டேன். எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன். வயது அறுபதாவதற்குள் ஓய்வு பெற்றேன் என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். கதிரையை விட்டு எழும்பச் சொன்னார்கள், எழும்பினேன்.

யுத்த காலம் அது. அலுவலகம் கொழும்பில், கொட்டாஞ்சேனையில். நான் இருந்தது வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், ஒரு கட்டிலும் அதைவிட அகலம் குறைந்த ஓர் அறையும். எழுதுவதெல்லாம் முதலில் தணிக்கை அதிகாரியிடம் போகும். போகும்போது கட்டுரையாகப் போனது, வரும்போது தந்தியாக வரும். வெட்டிய இடத்தை அப்படியே வெள்ளையாக விட்டு அச்சடிப்போம். சில நாட்களில் எங்கள் பத்திரிகையை வாங்கிப் பிள்ளைகள் கணக்குச் செய்து பார்த்தார்கள்.

அப்போதுதான் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். ஆசிரியரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தைத் தவிர வேறெங்கும் தன் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர் அவர்.

"செத்து நூறு வருசம் தாண்டின கள்ளர், கொலைகாரரைப் பற்றி எழுதும்" என்றார். "அவையளால ஆரின்ர பாதுகாப்புக்கும் பங்கம் வராது."

இப்படித்தான் ஞாயிறு மலரில் "சென்ற நூற்றாண்டுகளின் குற்றவாளிகளும் அவர்களின் வழக்குகளும்" என்ற பக்கம் என் தலையில் விழுந்தது. மருதானை நடைபாதையில் பழைய ஆங்கில வழக்கறிக்கைத் தொகுதிகள் மூன்றை வாங்கினேன். ஒல்லாந்தர் காலத்தில் கறுவாப்பட்டை உரித்து ஒளித்துவைத்தவன், ஒரே யானையை மூன்று முதலாளிமாருக்கு விற்றவன், "குதிரையை நான் கொண்டுபோகவில்லை, குதிரைதான் என்னைக் கொண்டுபோனது" என்று வாதாடியவன் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஒரு குறை. தீர்ப்பு இருந்த பக்கங்களாகப் பார்த்துக் கறையான் தின்றிருந்தது. ஆகவே தீர்ப்பு வழங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மேலே சொன்ன தூக்குகளில் பெரும்பாலானவை அந்த வகையில் ஏற்பட்டவை.

நாலு மாதத்தில் மூன்று தொகுதியும் முடிந்துவிட்டது. வாசகர்களோ அப்போதுதான் சூடு பிடித்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் குற்றவாளிகளை நானே உற்பத்தி செய்யத் தொடங்கினேன். இதை ஆசிரியரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை என்பதே அப்போது எனக்குப் போதுமான நியாயமாக இருந்தது.

கள்ளனை உண்டாக்குவது சுலபம். பெயரை உண்டாக்குவதுதான் கடினம். யோசித்து வைத்த பெயர், யோசித்து வைத்த பெயர் போலவே நிற்கும். இதற்கு வழி காட்டியவர் அச்சுப் பிழை பார்க்கும் எங்கள் மூத்த ஒப்புநோக்குநர். அவர் மேசைக்குப் பின்னால் ஓர் அலுமாரி நிறையக் கல்வெட்டுகள் இருந்தன. கல்லில் வெட்டியவை அல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் பெயர். தேவாரம், புலம்பல் பாட்டு, ஏழு தலைமுறை வம்சாவளி, வீடு நிற்கும் வளவின் பெயர் உட்பட எல்லாம் அதில் இருக்கும். அந்த அலுமாரியைத் திறந்தால் பெயருக்குப் பஞ்சமில்லை.

"ஆனா ஒண்டு" என்றார் ஒப்புநோக்குநர். "ஒரு கல்வெட்டில ஒரு பேர்தான் எடுக்கலாம். தேப்பன்ர பேருக்கு வேற கல்வெட்டு, ஊருக்கு வேற கல்வெட்டு. ஒண்டிலயே எல்லாத்தையும் எடுத்தீரெண்டால் செத்த சனம் எழும்பி வரும்."

இந்த விதியை நாலைந்து தடவை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தணிக்கை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஞாயிறு மலரின் நடுப்பக்கம் முழுவதும் வெட்டு. நாலு மணிக்கு இயந்திரம் ஓட வேண்டும். "உம்மட கள்ளர் யாராவது கைவசம் இருக்கினமோ?" என்று ஆசிரியர் கதவருகில் நின்று கேட்டார். "இருக்கினம்" என்றேன். அலுமாரிக்குள் கையை விட்டேன். வந்தது ஒரு கல்வெட்டு. இன்னொன்றை எடுக்க எழும்ப வேண்டும். நான் எழும்பவில்லை.

பெயர், தகப்பன் பெயர், ஊர், வளவு நாலையும் அந்த ஒன்றிலிருந்தே எடுத்தேன். "புளியடி வளவு இலங்கையர் மகன் கோணாமலை." ஊரின் பெயரை இங்கே திரும்பவும் அச்சேற்ற எனக்குத் துணிவில்லை. வலிகாமத்தில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோணாமலை பூட்டுக் கள்ளன். கொட்டாஞ்சேனையில் வெள்ளைக்காரர் காலத்துப் பண்டகசாலைகளுக்குப் போவான். உள்ளே நுழைய மாட்டான். பூட்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்துவிடுவான். விடிந்ததும் தலைப்பாகை கட்டிக்கொண்டு பூட்டு வியாபாரியாகப் போய், அதே முதலாளிக்கு அதே பூட்டை விற்பான். ஒரு செட்டியார் ஒரே பூட்டை ஒன்பது தடவை வாங்கினார். பத்தாம் தடவை "இந்தப் பூட்டு நல்ல உழைப்பு, முந்தியும் இதைத்தான் பாவிச்சனான்" என்று பாராட்டியபோதுதான் அவருக்கே சந்தேகம் வந்தது.

வழக்கு வந்தது. வெள்ளைக்கார நீதிபதி, நடுவில் மொழிபெயர்க்கும் முதலியார்.

"பூட்டை ஏன் எடுத்தாய்?"

"ஐயா, நான் போன இடத்தில வேற கள்ளன் ஆராவது வந்தானோ எண்டு கேட்டுப் பாருங்கோ. பூட்டில்லாத கதவைக் கண்டால், உள்ளுக்கை ஆரோ நிக்கினம் எண்டு கள்ளனே பயந்து போடுவான்."

முதலியார் இதை, "கைதி சம்பளமில்லாமல் காவல் வேலை பார்த்ததாகக் கூறுகிறான்" என்று மொழிபெயர்த்தார். நீதிபதி வழக்கை ஒத்திவைத்தார். நானும் அடுத்த ஞாயிறுக்கு ஒத்திவைத்தேன்.

இரண்டு வாரத்தில் முடிய வேண்டியவன் ஆறு வாரமாகியும் முடியவில்லை. கொழும்புக் காலி வீதி பஸ்ஸில் அவனைப் பற்றிக் கதைத்தார்கள். எங்கள் லொட்ஜில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஊரில் பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பை, அதாவது சாவியை, இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவர்கள். அந்த வீடுகளில் கதவு மிஞ்சியிருந்ததா என்பது ஒருவருக்கும் தெரியாது. அவர்கள்தான் கோணாமலைக்கு எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. விலைவாசி பற்றிய ஆசிரியத் தலையங்கத்தில் "கோணாமலை செட்டியாருக்குச் செய்ததை" என்று ஆசிரியரே ஒரு வரி போட்டார். அன்றைக்கு நான் அலுவலகப் படியில் இரண்டிரண்டாக ஏறினேன்.

அடுத்த நாள் திங்கட்கிழமை பரமலிங்கம் மாஸ்டர் வந்தார்.

வெள்ளவத்தையில் கணக்கு ரியூசன் கொடுக்கும் மனிதர். வெள்ளை வேட்டி, விபூதி, கையில் இரண்டு கடதாசி. ஒன்று என்னுடைய ஞாயிறு மலர். மற்றது ஒரு கல்வெட்டு. பின்னால் மகள் சுகந்தி, இருபத்தாறு வயது. என்னைக் கண்டதும் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ர தேப்பனாரின்ர பேர் இலங்கையர் கோணாமலை" என்றார் மாஸ்டர். "அவரின்ர பாட்டனுக்கும் அதே பேர். எங்கட வளவு புளியடி வளவு. தம்பி, எங்கட பரம்பரையில கள்ளன் ஒருத்தன் இருந்ததை எங்களுக்கே தெரியாமல் நீர் எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

சுகந்திக்கு ஹெவ்லொக் டவுனில் மாப்பிள்ளை பேசி முற்றாகியிருந்தது. ரவீந்திரன் என்று ஒரு கணக்காளர். இன்னும் மூன்று கிழமையில் ஒரு புதன்கிழமை எழுத்து, அதாவது பதிவுத் திருமணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் சிவகுரு என்பவர், கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்துப் பென்சனோடு இளைப்பாறியவர். கலியாணம் என்றால் ஏழு தலைமுறை விசாரிக்கும் ஆள். விசாரித்து முடித்துத் திருப்தியாக இருந்த நேரத்தில் என்னுடைய கட்டுரை அவர் கையில் கிடைத்திருக்கிறது. "கள்ளன்ர வழியில பெண் எடுக்கேலாது" என்று எழுத்தை நிறுத்தி வைத்துவிட்டார்.

"பிள்ளைக்கு விருப்பமோ?" என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை என்று இன்றைக்கும் தெரியாது.

"அவர் உங்கட கோணாமலையை பஸ் ஸ்ராண்டில நிண்டு சத்தமா வாசிச்சுச் சிரிக்கிறவர்" என்றாள் சுகந்தி. "சிரிக்கத் தெரிஞ்ச கணக்காளர் எனக்கு இனிக் கிடைக்குமோ சொல்லுங்கோ?"

ஒரு வரியில் உண்மையைச் சொல்லித் திருத்தம் போட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால் ஆசிரியர் தலையங்கத்தில் மேற்கோள் காட்டிய ஆள் இல்லாத ஆள் என்றாகும். என் வேலையும் போகும். ஆகவே கதைக்குள்ளேயே சரிசெய்துவிடுகிறேன் என்று மாஸ்டரை அனுப்பினேன். பொய்யை வைத்துப் பொய்யைத் திருத்த வெளிக்கிட்டவன் படும் பாட்டை இனிக் கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு, கோணாமலை புளியடி வளவில் பிறந்தவனே அல்ல என்று எழுதினேன். தெருவில் கிடந்த அநாதைக் குழந்தை. வளவுக்காரர் இரக்கப்பட்டு எடுத்து வளர்த்தார்கள். சோறு போட்டவர்களின் பெயரையும் சொல்லிக்கொண்டு திரிந்தான். எழுதிவிட்டுத் தேநீர் குடித்தேன்.

திங்கட்கிழமை மாஸ்டர் வந்தார்.

"சிவகுரு அம்மான் கேக்கிறார், கண்டெடுத்த பிள்ளையெண்டால் தாய்தேப்பன் ஆர், என்ன ஆக்கள் எண்டு. முந்திக் கள்ளன் மட்டும்தான் பிரச்சினை. இப்ப சாதியும் சேந்திட்டுது."

கையோடு அடுத்த ஞாயிறு கோணாமலையைத் தூக்கிலிட்டேன். பிரமச்சாரியாகவே செத்தான், பெண்வாடையே அறியாதவன், பிள்ளை குட்டி இல்லை என்று மூன்று தடவை அடித்துச் சொன்னேன். வாசகர்களிடமிருந்து கருணை மனுக்கள் வந்தன. ஹெந்தளையிலிருந்து ஒரு பெண்மணி, தூக்குக் கயிற்றை அறுத்துத் தப்பவைக்கும்படி இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை மாஸ்டர் வந்தார். இந்த முறை கதிரையில் இருக்கவில்லை.

"அம்மான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டவர். கோணாமலை கலியாணம் முடிக்காமல் செத்தவன் எண்டால், இவையள் எல்லாரும் ஆரின்ர பிள்ளையள்?"

சுகந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளாக்கும் என்று பார்த்தேன். இந்த முறை சிரிப்பில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, இனி நீங்கள் ஒண்டும் எழுதாதேங்கோ. உதவி செய்ய வெளிக்கிட்டால் உங்கட கை சும்மா இருக்குதில்லை."

அடுத்த நாளே ஹெவ்லொக் டவுனுக்குப் போனேன். சிவகுரு அம்மான் முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மடியில் மரண அறிவித்தல் பக்கம் விரித்தபடி. பேப்பர் வந்தால் அவர் முதலில் பார்ப்பது அதுதான்.

"ஐயா, கோணாமலை எண்டு ஒருத்தன் இருக்கவேயில்லை. நான்தான் இட்டுக்கட்டினனான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாஸ்டர் அனுப்பினவரோ?"

"இல்லை ஐயா. உண்மையாத்தான் சொல்லுறன்."

"தம்பி, நான் முப்பது வருசம் கச்சேரியில இருந்தனான். ஆள் வந்து வாயால சொல்லுறதை நம்பிற பழக்கம் எனக்கில்லை. பேப்பரில வந்ததை நம்பவோ, பேப்பர்க்காரன் சொல்லுறதை நம்பவோ?"

"பேப்பரில எழுதினதே நான்தான் ஐயா."

"அப்ப எழுதின நேரம் உண்மையைச் சொல்லியிருப்பீர். இப்ப ஆரோ சொல்லித் தந்து சொல்லுறீர். கோணாமலையைப் பற்றி என்ர ஆச்சியே எனக்குச் சின்னனில சொல்லியிருக்கிறா."

நான் இரண்டு மாதத்துக்கு முன் உண்டாக்கிய ஆளை இவருடைய ஆச்சிக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு சின்னப் பெருமை எழுந்ததை மறைக்க மாட்டேன். இந்தத் தொழிலின் சாபமே அதுதான்.

"பேப்பரில போடும், நம்புறன்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார் அம்மான்.

ஆசிரியரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே கிடந்த தன் தலையங்கத்தைக் குனிந்து பார்த்தார்.

"செட்டியாருமோ?" என்றார்.

"செட்டியாருந்தான்."

"செட்டியார் உண்மையா இருப்பார் எண்டு நினைச்சன்." பெருமூச்சு விட்டார். "ஞாயிறு, அதே பக்கம், அதே இடம், உம்மட பேரோட போடும். பிழை விட்டன், பொய் எழுதினன், அந்தக் குடும்பத்திட்ட மன்னிப்புக் கேக்கிறன். அவ்வளவுதான். பகிடி வேண்டாம். காரணம் ஒண்டும் சொல்லாதேயும்."

பகிடி போடவில்லை. ஆனால் காரணம்! காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்க எந்த எழுத்தாளனால் முடியும்? "தணிக்கையில் போன பக்கத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் நிரப்ப வேண்டிய அவசரத்தில்" என்று தொடங்கி, என் நெருக்கடியை எழுதி, செய்திக்குப் பதில் கள்ளனைப் போட நேர்ந்த காலத்தின் கோலத்தை விவரித்து, ஐந்து பந்தி நீட்டினேன். ஆசிரியர் அன்றைக்கு ஒரு சாவீட்டுக்குப் போயிருந்தார். பிரதி நேரே தணிக்கைக்குப் போனது.

தணிக்கையைப் பற்றி எழுதுவதைத் தணிக்கை அனுமதிப்பதில்லை என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நான் ஊகிக்கவில்லை. அதிகாரி தொலைபேசியில் வருத்தமாகத்தான் கதைத்தார். அவரும் அந்தப் பக்கத்தைச் சிங்களத்தில் மொழிபெயர்ப்பித்துக் கேட்டுவந்தவர். "அனே மாத்தயா, கோணாமலை நல்ல மனுசன். ஆனா இது விட ஏலாது."

ஐந்து பந்தியும் போயிற்று. அவர் விட்டுவைத்தது தலைப்பையும் முதல் வரியையும் என் பெயரையும்தான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தை முழுவதும் எங்கள் பத்திரிகையில் இதைக் கண்டது: "கோணாமலை பற்றிய உண்மை. இதுவரை மறைக்கப்பட்ட ஓர் உண்மையை வாசகர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்." அதன் கீழே முக்கால் பக்கம் வெள்ளை. அடியில் நான்.

அதுவரை கோணாமலை இருந்தானா என்று சந்தேகப்பட்டவர்களுக்கும் அன்றோடு சந்தேகம் தீர்ந்தது. இல்லாத ஆளைப் பற்றி யாராவது முக்கால் பக்கம் வெட்டுவார்களா? லொட்ஜில் எனக்குத் தேநீர் வாங்கித் தந்து, குரலைத் தாழ்த்தி, "உண்மையில என்ன நடந்தது?" என்று கேட்டார்கள். சிவகுரு அம்மான் மாஸ்டருக்கு ஆளனுப்பினார். முந்தி வெறும் கள்ளன், இப்போது அரசாங்கத்துக்கே ஆகாத ஆள், இந்தக் காலத்தில் அப்படிப்பட்ட இடத்தில் சம்பந்தம் செய்ய எங்களுக்கென்ன விசரா, புதன்கிழமைக்கு வர மாட்டோம் என்று செய்தி.

உங்களுக்கு எழுதும் இந்தக் கட்டுரையில் பயன்படக்கூடியது ஒன்றே ஒன்று உண்டென்றால் இதுதான். மன்னிப்பென்றால் ஆசிரியர் சொன்ன அந்த மூன்று வரிதான். மிச்சமெல்லாம் உங்களைக் காப்பாற்ற நீங்கள் எழுதுவது. அந்த மிச்சம் மூன்று வரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

திங்கட்கிழமை சுகந்தி தனியாக வந்தாள். மாஸ்டர் படுத்துவிட்டாராம். என்னைத் திட்டுவாள் என்று எழும்பி நின்றேன். அவள் என் மேசையில் கிடந்த அன்றைய பத்திரிகையைத் திருப்பி, கடைசிக்கு முந்திய பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். மரண அறிவித்தல் பக்கம்.

"இதைத் தணிக்கைக்காரர் பாக்கிறவையோ?"

"விளம்பரம்தானே. பேருக்குப் பாத்துப்போட்டு விடுவினம்."

"அப்ப கோணாமலைக்கு ஒரு மரண அறிவித்தல் போடுங்கோ. நாளைக்கே. உங்கட பேரில."

"தங்கச்சி, அவனை முந்தியே தூக்கில போட்டாச்சே. அம்மான் இதையும் நம்பார். நாடகம் எண்டுவார்."

"அவர் அறிவித்தலை நம்பத் தேவையில்லை" என்றாள் சுகந்தி. "துடக்கை நம்புவார்."

எனக்கு விளங்க இரண்டு நிமிடம் எடுத்தது. உங்களில் விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உறவில் ஒருவர் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாட்களில் கோயிலுக்குள் போகக்கூடாது, நல்ல காரியம் செய்யக்கூடாது. யுத்த காலத்தில் ஊரில் நடந்த சாவு கொழும்புக்கு எட்ட மாதக்கணக்காகும். ஆகவே செத்த நாளிலிருந்து அல்ல, செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து துடக்குக் காப்பது அப்போது எங்கும் வழக்கமாகிவிட்டது. இந்த விஷயத்தில் சிவகுரு அம்மான் ஐயர்மாருக்கே சட்டம் சொல்பவர். பரமலிங்கம் மாஸ்டரோ, துடக்கோடு கோயில் வாசலைத் தாண்டுவதைவிடக் கடலில் குதிப்பார் என்பது வெள்ளவத்தை அறிந்த சங்கதி.

"அப்பா நாளைக்குப் பின்னேரம் கோயிலுக்குப் போவார்" என்றாள். "அம்மானும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவார். மிச்சத்தை அவையள் பாப்பினம். நீங்கள் அறிவித்தலைச் சுருக்கமா எழுதுங்கோ. உங்களைக் கும்பிட்டன், சுருக்கமா."

ஆசிரியரிடம் அனுமதி கேட்டேன். "மரண அறிவித்தல் விளம்பரப் பகுதியின்ர வேலை. எனக்கொண்டும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, என் பிரதியை வாங்கி ஒரு சொல்லை வெட்டித் திருப்பித் தந்தார். செவ்வாய்க்கிழமை காலை அது வந்தது:

"ஞாயிறுதோறும் வாழ்ந்துவந்த பூட்டுக் கள்ளன் கோணாமலை நேற்றுக் காலமானார். அன்னார் எவருக்கும் மகனோ, கணவரோ, தகப்பனோ, பாட்டனோ அல்லர். எந்த ஊரையும் எந்த வளவையும் சேர்ந்தவரல்லர். அன்னாரின் பெயர் ஒரு கண்ணியமான குடும்பத்தின் கல்வெட்டிலிருந்து கேளாமல் எடுக்கப்பட்டது. உடல் இல்லாதபடியால் தகனம் இல்லை. இவ்வறிவித்தலை உறவினர் இல்லாத காரணத்தால் வாசகர்கள் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: அன்னாரை இட்டுக்கட்டியவர்." அதன் கீழே என் முழுப்பெயர், பதவி, அலுவலக முகவரி.

பத்து மணிக்கு முதலாவது மலர்வளையம் அலுவலகத்துக்கு வந்தது. மத்தியானத்துக்குள் நாலு. ஹெந்தளைப் பெண்மணி நேரிலேயே வந்துவிட்டார். கறுப்புக் குடையோடு. அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

பின்னேரம் நான் கோயில் வாசலில் செருப்புக் கழற்றும் இடத்தில், தூணோடு தூணாக நின்றேன். சிவகுரு அம்மான் வந்தார். கையில் பத்திரிகை. சற்றுப் பின்னால் மாஸ்டர் வந்தார், அர்ச்சனைத் தட்டோடு, சுகந்தியோடு. அம்மான் வழியை மறித்தார்.

"மாஸ்டர், அறிவித்தல் பாத்தீரோ?"

"பாத்தனான்."

"காதில விழுந்திட்டுது. இனித் துடக்கு இருக்கோ இல்லையோ? யோசிச்சுச் சொல்லும். உள்ளுக்கை இருக்கிறவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்."

மாஸ்டரின் முகம் சிவந்தது. "ஆரோ ஒரு பேப்பர்க்காரன் பெத்த கள்ளன் செத்ததுக்கு நான் ஏன் ஐயா துடக்குக் காக்க? காக்கிறதெண்டால் அவன் காக்கட்டும்."

தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. மணி அடித்தது. அம்மான் வாசல் நிலைக்குப் பக்கத்தில் நின்று, மாஸ்டர் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதை எட்டிப் பார்த்தார். ஏதாவது இடி விழுமா என்று பார்த்ததுபோல இருந்தது. விழவில்லை.

"சரி" என்றார் தனக்குத்தானே. "துடக்குள்ள மனுசன் கற்பூரத்துக்குக் கை நீட்டமாட்டார். அப்ப அவன் இவையளின்ர ஆள் இல்லை." பிறகு தூணைப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் நான் நினைத்த அளவு மறைவு இருக்கவில்லை. "தம்பி, நீர் ஏன் வெளியில நிக்கிறீர்?"

"எனக்குத் துடக்கு ஐயா" என்றேன்.

என்னைப் பார்த்து அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

புதன்கிழமை எழுத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபம். முப்பது பேர். மூலையில் மாப்பிள்ளை ரவீந்திரன் என்னைக் கண்டதும் சிரிப்பை அடக்க முடியாமல் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பெண் வீட்டுச் சாட்சியாக வர வேண்டியவர் கோட்டையில் சோதனைச் சாவடியில் அகப்பட்டு நின்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. சுகந்தி மேசைக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, நீங்கள் வந்து வையுங்கோ."

பதிவாளர் புத்தகத்தைத் திருப்பி, கையெழுத்து வைக்கும் கோட்டைக் காட்டிப் பேனாவை நீட்டினார். நான் மேலேயிருந்து வாசிக்கத் தொடங்கினேன். மணமகள் பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர். கோணாமலை பரமலிங்கம் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மாஸ்டரிடம், "ஐயா, இது நீங்கள்தானே? உங்கட தேப்பனார் பேர் சரியோ? ஊர் சரியோ?" என்று கேட்டேன். மாஸ்டர் சரி என்றார். மாப்பிள்ளையின் தாயிடம் அவருடைய பெயரைக் கேட்டேன். மாப்பிள்ளையிடம் அவருடைய பெயரைக் கேட்டேன். பதிவாளரிடம் அவருடைய பெயரைக் கேட்டேன்.

"தம்பி, நல்ல நேரம் முடியுது!" என்று பின்னாலிருந்து சிவகுரு அம்மான் கத்தினார்.

"இன்னும் ரண்டு பேர்தான் ஐயா" என்று சொல்லி, அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன்.